முந்நூறு ஆளுக்கு ஒரு ஜெனரல்

புருஷன் போருக்குப் போகிறானே என்று அழுகிற பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். போரிலிருந்து திரும்பி வந்துவிட்டானே என்று அழுத பெண் டோர்ன்லோ சமஸ்தானத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவள் அந்தச் சமஸ்தானத்தின் இளவரசி உல்ரீக்கா. அழுததும் யாருக்கும் தெரியாது. மாவு வைக்கும் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து ஐந்து நிமிஷம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, பாவாடையில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

வேலைக்கு அங்கே பஞ்சமே கிடையாது. டோர்ன்லோ ஒன்றும் பெரிய ராஜ்யம் இல்லை. காலையில் கிளம்பிய குதிரை மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லையைத் தாண்டிவிடும். பதினொரு கிராமம், ஒரு சிற்றாறு, இரண்டு கெண்டைக் குளம், ஒரு மடம், மழை பெய்தால் மூன்று இடத்தில் ஒழுகும் ஒரு மாளிகை, அவ்வளவுதான் சொத்து. ஆனால் சின்னச் சமஸ்தானத்துக்கும் பெரிய சமஸ்தானத்துக்கும் வழக்கு ஒரே மாதிரிதான் வரும். அத்தனையையும் முப்பத்திரண்டு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் உல்ரீக்கா. கணவர் இளவரசர் லுடோல்ஃப் பத்தொன்பது வயதில் பேரரசரின் படையில் சேர்ந்தவர். துருக்கியரோடு சண்டை, பிரெஞ்சுக்காரரோடு சண்டை, இப்போது வடக்கு ராஜாவோடு சண்டை என்று நாற்பது வருஷத்தைக் கூடாரத்திலேயே கழித்தார். நடுநடுவே பனிக்காலத்தில் வீட்டுக்கு வருவார், ஒரு மகளுக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போய்விடுவார். அப்படி மூன்று மகள்கள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமும் ஆகிப் போய்விட்டார்கள். மூன்று கல்யாணத்துக்கும் மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றவள் உல்ரீக்காதான்.

அப்பேர்ப்பட்ட மனிதர் போன செப்டம்பரில் பிடிபட்டார். பிடிபட்ட விதத்தைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. படை பின்வாங்கிக்கொண்டிருக்கிறது, இவரும் குதிரையை விரட்டிக்கொண்டு வருகிறார். எதிரே எதிரிக் குதிரைப்படையின் கர்னல் ஒருவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொன்னான். மரியாதை சொன்னவனுக்குப் பதில் மரியாதை சொல்லாமல் போவது ஒரு பிரபுவுக்கு அழகா? லுடோல்ஃப் குதிரையை நிறுத்தினார், தொப்பியைக் கழற்றினார், குனிந்தார். நிமிர்ந்தபோது சுற்றிலும் பதினெட்டு வாள் இருந்தது.

எதிரிகளும் பண்பானவர்கள்தான். ராத்திரி விருந்து வைத்து, காலையில் ஒரு தாளை நீட்டினார்கள். "முறைப்படி கைதிப் பரிமாற்றம் ஆகும்வரை உங்கள் ராஜாவுக்கு எதிராக ஆயுதம் தொடமாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார். இரண்டு புட்டி ஒயினோடு வண்டியில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவரோடு பிடிபட்ட டோர்ன்லோ ரெஜிமெண்ட் ஆட்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. இளவரசனின் வாக்கை நம்புவார்கள், சிப்பாயின் வாக்கை யார் கேட்கிறார்கள்? அவர்கள் நடந்தே போய், வடக்கே ஒரு கோட்டையின் நிலவறையில் அடைபட்டார்கள்.

வீட்டுக்கு வந்த லுடோல்ஃபுக்குச் செய்ய வேலை இல்லை. நாற்பதாயிரம் பேரை மேய்த்த மனிதருக்கு இப்போது கையில் அகப்பட்டது முப்பது வேலைக்காரர்கள். வந்த நாலாம் நாளிலிருந்து சூப்புக்கு முரசு அடிக்க ஆரம்பித்தார். முதல் முரசுக்குப் பானை ஏற வேண்டும், இரண்டாம் முரசுக்கு மேஜை தயாராக வேண்டும், மூன்றாம் முரசுக்கு எல்லோரும் கரண்டி எடுக்க வேண்டும். பால் கறக்கும் பெண்களை உயரப்படி வரிசையில் நிறுத்தினார். உயரமானவள் கறந்தது குட்டைப் பசு, குட்டையானவளுக்குக் கிடைத்தது உதைக்கிற பசு. பால் பாதியாகக் குறைந்தது.

சமையற்காரி வால்பூர்கா கரண்டியோடு உல்ரீக்காவின் அறைக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, இந்த வீட்டுல ஒண்ணு அவரு இருக்கணும், இல்ல நான் இருக்கணும்."

"இப்ப என்னடி ஆச்சு?"

"ரெண்டாவது முரசுக்குள்ள மாவுருண்டை வேகணுமாம். உருண்டைக்குக் காது இருக்கா? இருந்தாக்கூட அது அவரு பேச்சைக் கேக்கணும்னு என்ன தலையெழுத்து? பாதி வெந்ததைத் தின்னுட்டு, 'சபாஷ், நேரத்துக்கு வந்துடுச்சு'ங்கறாரு. அந்த மனுஷனுக்கு நாக்கு செத்துப்போச்சும்மா."

"கொஞ்சம் பொறுத்துக்கோ வால்பூர்கா. எனக்காக."

"உங்களுக்காகத்தான் இருபது வருஷமா பொறுத்துக்கிட்டிருக்கேன். அப்பல்லாம் அவரு வீட்டுல இல்ல, அதனால சுலபமா இருந்தது."

வாக்கு விஷயத்தில் மட்டும் லுடோல்ஃபைக் குறை சொல்ல முடியாது. ஆயுதம் தொடமாட்டேன் என்றால் தொடமாட்டார். வாளைக் கழற்றி உல்ரீக்காவின் அலமாரியில் வைத்துப் பூட்டச் சொல்லிவிட்டார். வேட்டைக்குப் போகவில்லை. நவம்பரில் வரும் புனித மார்ட்டின் திருநாளுக்கு வறுத்த வாத்து மேஜைக்கு வந்தது, வீட்டுத் தலைவர்தான் அதை வெட்ட வேண்டும். அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வெட்டுங்களேன். ஆறுது."

"முடியாது. கத்தி."

"என்னங்க, அது வாத்து. வடக்கு ராஜா இல்ல."

"இன்னிக்கு வாத்துக்கு எடுத்தா நாளைக்குப் பன்னிக்கு எடுக்கத் தோணும். அப்புறம் எங்க போய் நிக்கும்? வாக்குன்னா வாக்குதான் உல்ரீக்கா."

அவளே வெட்டினாள். வெட்டிய வேகத்தில் தட்டு கீறிவிட்டது.

இத்தனைக்கும் நடுவில் உல்ரீக்காவுக்கு வேறொரு முக்கியமான காரியம் இருந்தது. அதே சண்டையில் டோர்ன்லோ ஆட்களும் சும்மா இருக்கவில்லை. தாங்கள் பிடிபடுவதற்கு முன்னாலேயே எதிரியின் ஒரு படைப்பிரிவை வளைத்துப் பிடித்து ஊருக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த முந்நூற்றுப் பதின்மூன்று பேரும் டோர்ன்லோ மடத்தின் களஞ்சியத்தில்தான் இருந்தார்கள். அங்கே நிலவறையில் டோர்ன்லோ ஆட்கள் முந்நூற்றுச் சொச்சம். ஆளுக்கு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று எதிரியின் பரிமாற்ற அதிகாரிக்கு அக்டோபரிலிருந்து அவள் எழுதிக்கொண்டேயிருந்தாள். அந்த அதிகாரி, நிலவறை இருந்த கோட்டையின் கர்னல், ஒரு சந்தேகப் பிராணி. ஒரு கடிதத்துக்கு நாலு கேள்வி கேட்பார். நாலுக்கும் பதில் எழுதினால் ஐந்தாவது வரும். அவள் சளைக்கவில்லை. நிலவறையில் காய்ச்சல் பரவுகிறது என்று காதில் விழுந்தது. பனிக்காலத்தில் பத்தொன்பது பேர் போய்விட்டார்கள் என்ற பட்டியல் வந்த அன்று அவள் சாப்பிடவில்லை.

செவ்வாய்க்கிழமை மனுக் கேட்கும் நாள். மாவு அரைக்கும் ஆலைக்காரி கூனிகுண்டா ஒரு செவ்வாய் தவறாமல் வந்துவிடுவாள். புருஷன் ஃபைட் கார்ப்பரல், நிலவறையில் இருந்தான்.

"எப்ப வருவாரும்மா?"

"விதைக்கிற காலத்துக்குள்ள வந்துடுவான். நான் சொல்றேன்ல?"

"நீங்க சொன்னா வருவாரு. ஆலைக்கல்ல நானும் என் நாத்தனாரும்தான் இழுக்கறோம். அவ இழுக்கறதைவிடப் பேசறதுதான் ஜாஸ்தி. அதுக்காகவாவது அவரு சீக்கிரம் வரணும்."

சொல்லிவிட்டுச் சிரிப்பாள். சிரிக்கும்போது உள்ளங்கையை மறைத்துக்கொள்வாள். அது முழுக்கக் கொப்புளம் என்பதை உல்ரீக்கா ஒரு முறை பார்த்துவிட்டாள். தன் பேச்சை நம்பிக்கொண்டு பதினொரு கிராமமும் காத்திருக்கிறது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பிப்ரவரியில் லுடோல்ஃப் கெண்டைக் குளத்தை வற்ற வைத்தார். படகுப் பாலம் எப்படிக் கட்டுவது என்று தோட்டக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுக்கத் தண்ணீர் அளவு சரியாக இருக்க வேண்டுமாம். மதகைத் திறந்தவர் மூட மறந்துவிட்டார். இறைச்சி தொடாத தவக்காலம் முழுவதும் மாளிகைக்கும் மடத்துக்கும் களஞ்சியத்திலிருந்த கைதிகளுக்கும் சேர்த்து வளர்த்த மீன் அத்தனையும் ஓடை வழியே அடுத்த சமஸ்தானத்துக்குப் போய்விட்டது. அடுத்த சமஸ்தானத்து இளவரசர் நன்றி சொல்லிக் கடிதம் எழுதியிருந்தார்.

அன்றைக்கு உல்ரீக்காவுக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. மேஜைக்குப் போனாள், பேனாவை எடுத்தாள், தலைநகரில் இருக்கும் போர் மன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினாள். "என் கணவரைப் போன்ற ஒரு சிங்கம் வீட்டில் அடைபட்டுக் கிடப்பதைக் காண என் நெஞ்சு பொறுக்கவில்லை. பேரரசுக்கு அவர் எவ்வளவு தேவை என்பதை நானே நன்கு அறிவேன். எப்பாடு பட்டாவது அவரைப் பரிமாற்றம் செய்து களத்துக்கு அழைத்துக்கொள்ள வேண்டுகிறேன்." படித்துப் பார்த்தாள். அழகாகத்தான் இருந்தது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முத்திரை வைத்தாள்.

அரசாங்கக் கடிதங்களுக்குப் பதில் வருவது அபூர்வம். இந்தக் கடிதத்துக்கு ஆறே வாரத்தில் ஆளே வந்தான்.

வந்தவன் மேஜர் ட்ரோஸ்ட். இளைஞன், நல்ல உடுப்பு, பிரபுக்கள் வழக்கப்படி தலையில் பூசிய வெள்ளைப் பொடி தோளில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நீளமான வெல்வெட் பெட்டியைக் குழந்தையைத் தூக்கிவருவது போலத் தூக்கிவந்தான். பேரரசரின் ஆணையை எழுந்து நின்று படித்தான். லுடோல்ஃப் பரிமாற்றம் செய்யப்படுகிறார். ஆன கையோடு ஃபீல்டு மார்ஷலாக உயர்த்தப்பட்டு, கோடைகாலப் போருக்கு முழுப்படையையும் நடத்துவார்.

பெட்டியைத் திறந்தான். உள்ளே வெள்ளிப் பூண் போட்ட மார்ஷல் கோல்.

லுடோல்ஃபின் கை தானாக நீண்டது.

"மன்னிக்கணும் பிரபு," என்றான் மேஜர். "பரிமாற்றம் முடியறவரைக்கும் தொடக்கூடாது. பாக்கலாம்."

"பாத்துக்கறேன்பா. பாக்கறதுக்கு என்ன, நாற்பது வருஷமா கனவுல பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அந்த மனிதர் முகத்தில் அன்றைக்கு இருந்த பூரிப்பைக் கல்யாணத்தன்றுகூடத் தான் பார்க்கவில்லை என்று உல்ரீக்காவுக்குத் தோன்றியது. கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது, நிறைய நிம்மதியாகவும் இருந்தது. சமையலறையில் வால்பூர்கா பாட்டே பாட ஆரம்பித்துவிட்டாள்.

"யாருக்குப் பதிலா என் வீட்டுக்காரரை மாத்தறாங்க?" என்று உல்ரீக்கா பேச்சுவாக்கில் கேட்டாள். "அவங்க தரப்பு ஜெனரல் யாராவது நம்மகிட்ட மாட்டியிருக்காங்களா?"

"இல்லீங்கம்மா. அதுதான் இத்தனை நாள் தாமதம். ஜெனரல் இல்லேன்னா விகிதப் பட்டியல்படி ஆள் கணக்கு. ஒரு ஜெனரலுக்கு முந்நூறு சிப்பாய். நல்லவேளை, உங்க கடிதம் பாத்ததும்தான் மன்றத்துக்கு ஞாபகம் வந்துச்சு, உங்க மடத்துலயே முந்நூத்திப் பதிமூணு பேர் இருக்காங்களேன்னு. கையில வெண்ணெய் மாதிரி!"

உல்ரீக்கா நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேஜர் தங்கும் அறைக்குப் போனதும் கணவரின் அறைக்குள் நுழைந்தாள். அவர் கண்ணாடி முன்னால் நின்று, சுருட்டிய வரைபடம் ஒன்றைக் கோல் மாதிரி இடுப்பில் ஊன்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்படி வச்சுக்கலாமா, இல்ல கொஞ்சம் சாய்ச்சா?"

"கொஞ்சம் உக்காருங்க."

"உக்காந்துக்கிட்டா கம்பீரம் தெரியாது."

"உக்காருங்கன்னேன்."

உட்கார்ந்தார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். ஆளுக்கு ஆள் மாற்ற ஆறு மாசமாக எழுதிவந்ததையும், கோட்டைக் கர்னல் போன வாரம் சம்மதம் சொன்னதையும், ஃபைட்டும் மற்ற முந்நூற்றுப் பதினோரு பேரும் இன்னும் மூன்று வாரத்தில் வர இருந்ததையும் சொன்னாள். மடத்து ஆட்களை இவருக்காகக் கொடுத்துவிட்டால் பதின்மூன்று பேருக்குத்தான் விடுதலை, மிச்சம் இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது பேர் நிலவறையிலேயே கிடக்க வேண்டும் என்றாள்.

"இது எப்படி மன்றத்துக்குத் தோணுச்சு?" என்றார் அவர். "அவங்களுக்குத் தன் சட்டைப் பையில இருக்கறதே ஞாபகம் இருக்காதே."

"நான்தான் எழுதினேன்."

"என்னன்னு?"

"உங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்கன்னு."

அவர் வரைபடத்தைச் சுருள் பிரித்து, திரும்பச் சுருட்டினார்.

"அவ்வளவு தொந்தரவாவா இருந்தேன்?"

பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "ஆமா," என்றாள். "ஆனா மீன் போன கோபத்துல எழுதினது. நான் பண்ணினதுதான் பெரிய தப்பு. கூனிகுண்டா முகத்துல நான் எப்படி முழிப்பேன்?"

"நான் என்ன பண்ண முடியும்? பேரரசரோட ஆணை. என் பேர்ல மாத்தறாங்க, வேண்டாம்னு சொல்ற உரிமை எனக்கே கிடையாது. போகமாட்டேன்னா அது கலகம்." குரல் உயர்ந்துகொண்டே போனது. "அதுவும் இல்லாம, நாற்பது வருஷம் உல்ரீக்கா! குளிர்ல காது ரெண்டும் மரத்துப்போய், முட்டியில குண்டு வாங்கி, எனக்கு அடியில இருந்த பொடியனெல்லாம் மாமன் மச்சான் தயவுல மார்ஷல் ஆகறதைப் பாத்துக்கிட்டு! கடைசியா ஒரு தடவை எனக்குன்னு வருது. நான் அதை விடணுமா?"

"விடுங்கன்னு நான் சொல்லலியே."

"சொல்லாம சொல்றே."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் கஷ்டம். அநியாயம் பேசியிருந்தால் அவளுக்குச் சண்டை போடத் தெரியும்.

மறுநாள் காலையில் முதலாவது முரசு அடிக்கவில்லை. இரண்டாவதும் இல்லை. வால்பூர்கா பயந்துபோய் மேலே வந்து எட்டிப் பார்த்தாள். லுடோல்ஃபின் அறை காலியாக இருந்தது. மேஜரோடு கிளம்பிவிட்டாரோ என்று உல்ரீக்கா ஓடிப் பார்த்தால், மேஜர் வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் திரும்பி வந்தார். முழங்கால்வரை சேறு. கூட யாரும் போகவில்லை.

"எங்க போனீங்க?"

"ஆலை வரைக்கும். அப்புறம் மேல்காட்டு ஊர், கீழ்க்காட்டு ஊர்." காலணியைக் கழற்றச் சிரமப்பட்டார். அவள் குனிந்து இழுத்தாள். "ஏர்ல மாட்டுக்குப் பக்கத்துல பொம்பளை இழுக்கறா உல்ரீக்கா. என்னைப் பாத்ததும் ஏரை நிறுத்திட்டு மரியாதை சொல்றாங்க. ஒருத்தியாவது திட்டியிருக்கலாம். 'மார்ஷல் ஆகப்போறீங்களாமே, கேள்விப்பட்டோம், சந்தோஷம் ஐயா'ங்கறாங்க. வால்பூர்கா வாய் எவ்வளவு வேகம் பாத்தியா. எவளுக்கும் முந்நூறு கணக்கு தெரியாது. தெரியாம வாழ்த்தறாளுங்க. அதைத்தான் என்னால தாங்க முடியல."

பிறகு மேஜரைக் கூப்பிடச் சொன்னார். கையோடு அந்த விகிதப் பட்டியலையும் எடுத்துவரச் சொன்னார்.

"இந்தப் பட்டியலை எழுதின குழுவுல நான் இருந்தேன், தெரியுமா தம்பி?" என்றார். "ஜெனரலுக்கு இருநூறுன்னு போட்டிருந்தாங்க. முந்நூறு ஆக்கினவன் நான்தான். என் விலையை நானே ஏத்திக்கிட்டேன்."

"பெருமைக்குரிய விஷயம் பிரபு."

"கேவலமான விஷயம். ஒம்பதாவது விதியைப் படி."

மேஜர் படித்தான். "'பரிமாற்றம் நடைபெறும் நாளில் கைதி வகிக்கும் பதவியே கணக்கில் கொள்ளப்படும்.'"

"அதுவும் என் கைவரிசைதான். கைதியா இருக்கறப்ப பதவி உயர்வு வந்தா விலையும் ஏறணும்ல, அந்த ஆசையில சேத்தேன். இப்ப சொல்லு, எந்தப் பதவியும் இல்லாதவனுக்கு என்ன கணக்கு?"

"பதவி இல்லேன்னா சிப்பாய் கணக்கு. ஒண்ணுக்கு ஒண்ணு." மேஜர் சட்டென்று நிமிர்ந்தான். "ஆனா நீங்க இளவரசர்..."

"பட்டியல்ல தேடிப் பாரு. ஜெனரல் இருக்கு, கர்னல் இருக்கு, குழலூதறவன்கூட இருக்கான். இளவரசன்னு ஒரு வரி இருந்தா காட்டு."

இல்லை. படையில் பதவி இல்லாமல் ஓர் இளவரசன் இருப்பான் என்று அந்தக் குழுவில் ஒருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

லுடோல்ஃப் ஒரு தாளை மேஜைமேல் வைத்தார். இரண்டே வரி. பேரரசரின் சேவையிலிருந்து இன்று முதல் விலகுகிறேன். தன் நிலத்தை ஆளும் எந்தப் பிரபுவும் நினைத்த நாளில் விலகலாம், பேரரசரே தடுக்க முடியாது என்பது அந்தக் காலத்து வழக்கம். ஆனால் மார்ஷல் கோல் வாசல்வரை வந்திருக்கும்போது விலகியவர் யாரும் இல்லை.

மேஜருக்கு முகம் வெளுத்துவிட்டது. "பிரபு, யோசிச்சுப் பண்ணுங்க. ஒரு தடவை விலகினா திரும்ப எடுக்கமாட்டாங்க. படையை உங்க ஒண்ணுவிட்ட தம்பிகிட்டத்தான் குடுப்பாங்க."

"குடுப்பாங்க. அவன் குதிரையிலயே தூங்கறவன். குதிரை கெட்டிக்காரக் குதிரை, பாத்துக்கும்."

சிரிப்பு வரவழைக்கத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. உல்ரீக்கா எண்ணிக்கொண்டிருந்தாள். இங்கே முந்நூற்றுப் பதின்மூன்று பேர், அங்கே முந்நூற்றுப் பன்னிரண்டு.

"ஒரு ஆள் மிச்சம் இருக்கான்," என்றாள் மெல்ல.

"தெரியும். அந்த ஒருத்தன் எனக்கு."

பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். கடைசியாக ஒரு முறை பார்க்கிறீர்களா என்று மேஜர் கேட்டபோது, வேண்டாம் என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பத்து நாளும் முரசு அடிக்கவில்லை. மாவுருண்டை பஞ்சு மாதிரி வந்தது. வால்பூர்காவே வந்து, "அம்மா, அவரை ஏதாவது கத்தச் சொல்லுங்க, வீடு வீடு மாதிரியே இல்ல," என்றாள்.

ஈஸ்டர் கழிந்த புதன்கிழமை எர்லா ஆற்றுப் பாலத்தில் பரிமாற்றம் நடந்தது. தூறல் போட்டுக்கொண்டிருந்தது. இதில் ஒரு சம்பிரதாயம் உண்டு. பரிமாற்றம் என்றால், சொந்த வீட்டில் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தவரானாலும், எதிரிப் பக்கம் போய் நின்று, பேர் கூப்பிட்டதும் பாலத்தைத் தாண்டி வர வேண்டும். பேர் கூப்பிடுவதும் பதவி வரிசைப்படிதான். லுடோல்ஃப் காலையிலேயே ஒரு சாதாரண மேலங்கியைப் போட்டுக்கொண்டு அக்கரைக்குப் போய்விட்டார். உல்ரீக்கா இக்கரையில் பதினொரு கிராமத்துப் பெண்களோடு நின்றாள்.

முதலில் லெப்டினன்ட்கள், பிறகு சார்ஜென்ட்கள், பிறகு கார்ப்பரல்கள். ஒவ்வொரு பேருக்கும் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வர, இந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் போனான். ஃபைட் வந்தபோது கூனிகுண்டாவுக்கு அடையாளமே தெரியவில்லை. அவளைத் தாண்டி எட்டிப் பார்த்துத் தேடிக்கொண்டிருந்தாள். அவன்தான் அவள் கையைப் பிடித்துத் திருப்பினான். பிடித்த கையைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, என் கையைவிட முரட்டுக் கையா இருக்கு," என்றான். அவள் அவனை ஓங்கி ஓர் அடி அடித்துவிட்டுக் கட்டிக்கொண்டாள். உல்ரீக்கா சொன்ன சொல்லைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் காப்பாற்றியவர் இன்னும் அக்கரையில், வரிசையின் கடைசியில், மழையில் நின்றுகொண்டிருந்தார்.

மூன்று மணி நேரம் ஆயிற்று. கோட்டைக் கர்னலின் எழுத்தர் கடைசிப் பேரைப் படித்தார்.

"லுடோல்ஃப், டோர்ன்லோ. பதவி இல்லை. ஆள் ஒன்று."

இந்தப் பக்கத்திலிருந்து போனவன் வடக்குக் கடற்கரைக்காரன், ரொட்டி சுடுகிறவன், இருபத்தைந்து வயசு இருக்கும். பாலத்தின் நடுவில் இருவரும் சந்தித்தார்கள். ரொட்டிக்காரன் நின்றுவிட்டான். சின்னப் பாலம், பேசுவது இக்கரைக்கு நன்றாகவே கேட்டது.

"எனக்குப் பதிலா வர்ற ஆளு நீங்கதானா?"

"நான்தான்."

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். வளையாத முட்டியைப் பார்த்தான். பொடி பூசாத நரைத்த தலையைப் பார்த்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க பெரியவரே. எங்க ராஜாவுக்குத்தான் லாபம். என்னை மாதிரி ஒரு ஆளைக் குடுத்துட்டு உங்க ஆளுங்க ஏமாந்துட்டாங்க."

"அப்படித்தான் தோணுது," என்றார் லுடோல்ஃப். "யார்கிட்டயும் சொல்லிடாதே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பத்து நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. ரொட்டிக்காரனும் சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

ஆனால் இக்கரைக்கு வந்ததும் அவர் சிரிப்பு நின்றுவிட்டது. வலப்பக்கம் அதிகாரிகள், இடப்பக்கம் சிப்பாய்கள் என்று ஆட்கள் ஊருக்கு நடக்க அணிவகுத்து நின்றிருந்தார்கள். வலப்பக்கம் போக அவருக்கு இனி உரிமை இல்லை. எங்கே நிற்பது என்று தெரியாமல் பாலத்தின் முனையிலேயே நின்றார். நாற்பது வருஷமாக ஆயிரக்கணக்கான பேரை இங்கே நில், அங்கே நில் என்று சொன்ன மனிதர் அப்படித் திகைத்து நிற்பதைப் பார்க்க உல்ரீக்காவுக்குத் தாங்கவில்லை. வண்டியில் ஏறச் சொல்லலாம் என்று அவரிடம் போக அடி எடுத்து வைத்தாள்.

அவளுக்கு முன்னால் சிப்பாய் வரிசையில் யாரோ ஓர் அடி நகர்ந்தான். பக்கத்திலிருந்தவனும் நகர்ந்தான். நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விழுந்தது.

"இங்க வாங்க பிரபு," என்றான் நகர்ந்தவன். நிலவறைக் காய்ச்சலில் பல் எல்லாம் கொட்டிப்போன கிழவன். "கடைசிவரைக்கும் நீங்கதான் மழையில நின்னீங்க. வாங்க, போகலாம்."

லுடோல்ஃப் போய் அந்த இடத்தில் நின்றார். தோளை நிமிர்த்தினார். பக்கத்து ஆளின் காலைப் பார்த்துத் தன் காலைச் சரியாக வைத்துக்கொண்டார்.

உல்ரீக்கா வண்டிக்காரனை முன்னால் போகச் சொல்லிவிட்டாள். காலணி சேற்றில் புதையப் புதைய, கணவரின் பக்கத்தில் ஊர்வரைக்கும் நடந்தாள். வழியில் அவர் முட்டி வலிக்கிறது என்று இரண்டு தடவை முணுமுணுத்தார். அவரை எங்காவது அனுப்பிவிட வேண்டும் என்று இத்தனை நாள் துடித்தவளுக்கு, இந்த மனிதர் இனி எங்கேயும் போகப்போவதில்லை என்பதே போதும் என்று தோன்றியது.